பல்கலைக்கழக அவுட்டோர் கிளப்பில் சேர: ஸ்டாலில் கேட்கும் கேள்வி முதல் மூன்றாவது பயணம் வரை

மலைநடை, பாறையேற்றம், கயாக் என்று வெளியிடப் பயணங்கள் நடத்துவது அவுட்டோர் கிளப். புது ஆட்களுக்கு அதன் கதவு அகலத் திறந்திருப்பது கல்வியாண்டின் முதல் சில வாரங்களில்தான். அறிமுகக் கூட்டம், எளிய முதல் நடை, கூடாரம் அடிக்கும் பயிற்சி, கயிறு கட்டப் பழக்கும் வகுப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். பின்னால் வரும் பயணங்கள் இவற்றை முடித்தவர்களை மனத்தில் வைத்தே போடப்படுகின்றன. "முதலில் படிப்பில் கால் ஊன்றிக்கொள்வோம், அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், அடுத்த செமஸ்டரில் இடம் கிடைத்தாலும் அடிப்படைப் பயிற்சி கிடைக்காமல் போகலாம். அதனால் முதல் வாரமே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கிளப்பின் அறிவிப்புகள் எந்தக் குழுவில் வருகின்றன என்று கண்டுபிடித்து அதில் சேருங்கள். அறிமுகக் கூட்டத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவது, பொருள் வாங்குவது எல்லாம் அப்புறம்.

கிளப் எந்த வகை?

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மூன்று வகை உண்டு. மாணவர்களே முழுக்க நடத்துவது ஒன்று. பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து அமர்த்திய பயிற்சியாளர்கள் நடத்துவது இன்னொன்று. பாறையேற்றம் மட்டும், கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) மட்டும், குகை மட்டும் என ஒரே துறையில் ஊன்றி நிற்பது மூன்றாவது. எதுவுமே தெரியாதவர் என்றால் முதல் இரண்டில் ஒன்றில் தொடங்குவது நல்லது. ஒரே துறைக் கிளப்புகளில் பயிற்சி ஆழமாக இருக்கும். ஆனால் அங்கே முதல் மாதமே கருவிகளுக்குச் செலவு வந்துவிடும், பிடிக்காவிட்டால் அந்தப் பணம் வீண்.

மாணவர்களே நடத்தும் வழக்கம் நூறாண்டு தாண்டியது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஃப்ரெட் ஹாரிஸ் என்ற மாணவர் 1909இல் தொடங்கிய கிளப் இன்றும் இயங்குகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மலையேறுவோர் கிளப் 1905ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பது சாதாரணமில்லை. ஏனென்றால் மாணவர் கிளப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த அத்தனை பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எந்த ஓடையில் மழைக்குப் பின் இறங்கக்கூடாது, எந்தக் கயிறு எப்போது பெரிய விழுகையைத் தாங்கியது, எந்தப் பாதையில் திசை தவறும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடலாம். போகாமல் காப்பது எழுதி வைத்த பதிவேடும், மூத்தவர் இளையவருக்குக் கற்றுத்தரும் முறையும்தான். எனவே ஒரு கிளப்பை எடைபோடும்போது ஏறிய சிகரங்களின் படங்களைப் பார்க்காதீர்கள். தெரிந்ததை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். கீழே சொல்லும் கேள்விகள் எல்லாம் இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

ஸ்டாலில் கேட்க வேண்டியவை

ஆள் சேர்க்கக் கிளப் போடும் ஸ்டாலில் நிற்பவர் உற்சாகமாகப் பேசுவார். அது அவர் வேலை. நீங்கள் இவற்றைக் கேளுங்கள்:

"போன வருடம் பாதியில் திரும்பி வந்த பயணம் எது? ஏன் திரும்பினீர்கள்?"
"பயணத் தலைவர் ஆவதற்கு என்னென்ன முடித்திருக்க வேண்டும்?"
"முதலுதவிப் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பாரா?"
"நாம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் இருக்கும் யாருக்குத் தெரியும்?"
"இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?"

முதல் கேள்விதான் முக்கியம். வானிலை மாறியது, ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, புறப்படவே தாமதமாகிவிட்டது என்று தயங்காமல் இரண்டு மூன்று உதாரணம் சொன்னால் அது நம்பக்கூடிய கிளப். "நாங்கள் இதுவரை திரும்பியதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். வருடம் முழுக்க மலைக்குப் போகிறவர்கள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்றால், திரும்ப வேண்டிய நாளிலும் மேலே போயிருக்கிறார்கள் என்று பொருள்.

முதலுதவி என்றால் என்ன பயிற்சி என்றும் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கான முதலுதவி வேறு, உதவி வந்து சேர மணிக்கணக்கில் ஆகும் இடத்துக்கானது வேறு. இரண்டாவது வகையில் அடிப்படைப் படிப்பு சுமார் 16 மணி நேரம், விரிவானது 70 முதல் 80 மணி நேரம். கடினமான பல நாள் பயணங்களுக்கு விரிவானதை முடித்த ஒருவராவது உடன் வருவது நல்ல ஏற்பாடு. இட ஒதுக்கீட்டில் முந்தியவருக்கு முன்னுரிமை என்ற முறையைவிடக் குலுக்கல் முறையே புது ஆட்களுக்கு நல்லது. முந்தியவருக்கு என்றால், அறிவிப்பு வரும் நிமிடம் தெரிந்த பழைய ஆட்களே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்வார்கள்.

உயரமான மலைகளுக்குப் போகும் கிளப் என்றால் போன பயணத் திட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் நிலைத்த விதி. விடுமுறை நாள் குறைவு என்பதற்காக இதை மீறித் திட்டம் போடுகிற கிளப்பில் உங்கள் நுரையீரலை ஒப்படைக்காதீர்கள்.

கருவி அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள்

கிளப்பின் குணம் அதன் கருவி அறையில் தெரிந்துவிடும். "அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் நல்ல கிளப்பில் சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள்.

கயிற்றைப் பாருங்கள். பாறையேற்றக் கயிறு வெளியுறை, உள்ளிழை என இரண்டு அடுக்கு. பாரம் தாங்குவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உள்ளிழைதான். ஆகவே பார்ப்பதைவிடத் தடவிப் பார்ப்பதே சோதனை. ஒரு முனையில் தொடங்கி விரலிடுக்கில் கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். முழு நீளத்துக்கும் ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ, குழிவாகவோ சப்பையாகவோ இருந்தாலோ நிறுத்துங்கள். அங்கே கயிற்றைச் சிறு வளையமாக மடக்குங்கள். நல்ல கயிறு வட்டமாக வளையும். உள்ளிழை போனது, ஒடிந்த குச்சிபோல் அந்த இடத்தில் கூராக மடியும். வெளியுறை கிழிந்து உள்ளே வெள்ளை இழை எட்டிப் பார்த்தால் அந்தக் கயிறு முடிந்துவிட்டது. லேசாக முடி எழும்பியிருப்பது மட்டும் குற்றமில்லை, அது உழைத்த அடையாளம்.

கயிற்றின் பக்கத்தில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி அமிலத்தின் ஆவிகூட நைலானை அரித்துவிடும், வெளியே எந்தத் தடயமும் தெரியாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் கிளப்பில் யாரும் இதைக் கற்றுத்தரவில்லை என்றாகிறது.

பிறகு பதிவேடு. ஒவ்வொரு கயிற்றுக்கும், ஏறுகிறவர் இடுப்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸுக்கும், ஹெல்மெட்டுக்கும் எண், வாங்கிய தேதி, கடைசியாகச் சோதித்த தேதி இருக்க வேண்டும். துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கருவிகளுக்கு, பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும், பொதுவாக 10 வருடம்தான் உச்ச ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அடிக்கடி பயன்படுத்தினால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். கருவிமேல் யுஐஏஏ என்ற சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் முத்திரையோ ஐரோப்பியத் தர எண்ணோ இருக்கும்: கயிறு என்றால் இஎன் 892, ஹார்னஸ் இஎன் 12277, ஹெல்மெட் இஎன் 12492.

கூடாரங்களை முகர்ந்து பார்த்தாலே போதும். பூஞ்சை வாடை அடித்தால், ஈரத்தோடு மடித்து வைக்கிறார்கள்.

படிவங்கள்

இந்த இடத்தில் பலர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நிதானமாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

பொறுப்புத் துறப்புப் படிவத்தில் எந்தெந்த நடவடிக்கைகள் அடங்குகின்றன, போக்குவரத்து அடங்குமா என்று பாருங்கள். மாணவர் ஒருவர் தன் காரில் கூட்டிப்போகும் பயணத்தில் விபத்து நடந்தால் யார் காப்பீடு பொறுப்பேற்கும் என்பது பல இடங்களில் தெளிவில்லாமல் இருக்கும். மலையைவிடச் சாலையே ஆபத்தான பகுதியாக இருப்பதும் உண்டு. ஓட்டுநருக்குத் தூக்கம் கெட்ட பயணமா, திரும்பும்போது மாற்றி ஓட்ட இன்னொருவர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடுங்கள். ஒன்று, மீட்புப் பணிச் செலவு அடங்குமா. இரண்டு, உயர வரம்பு உண்டா. பல பயணக் காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. மூன்று, கயிறு கட்டி ஏறுவதைத் தனியே விலக்கியிருக்கிறார்களா. "பல்கலைக்கழகக் காப்பீடு இருக்கிறது" என்ற வாய்மொழியை நம்பாமல் அந்தத் தாளைக் கேளுங்கள்.

மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, இதயக் கோளாறு, தேனீக் கடி ஒவ்வாமை, பழைய தோள்பட்டை விலகல் எல்லாம் எழுத வேண்டியவை. எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்ற பயத்தில்தான் பலர் விடுகிறார்கள். உண்மையில் இந்தத் தகவல், நீங்கள் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்காக. இன்ஹேலரோ ஒவ்வாமை ஊசியோ தேவைப்படுகிறவர் இரண்டாக எடுத்து, ஒன்றைத் தன் பையின் மேல் அறையிலும் மற்றதைத் தலைவரிடமும் வையுங்கள். இந்தத் தகவலை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மாதவிடாய் நாளில் பயணம் வந்தால் கழிவை எப்படித் திருப்பி எடுத்துவருவது, கூடாரங்களில் யார் யாரோடு தங்குவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சரியான கிளப்பில் இதற்கெல்லாம் தயாரான பதில் இருக்கும்.

பணம் மூன்று வகையில் போகும்: வருடச் சந்தா, ஒவ்வொரு பயணத்துக்கான பங்கு, கருவிக்கான டெபாசிட். பயணப் பணம் எத்தனை நாள் முன்பு விலகினால் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கேட்டு வையுங்கள். கையைக் கடிக்கும் நிலை என்றால் சொல்லாமல் விலகிவிடாதீர்கள், பொருளாளரிடம் தனியாகக் கேளுங்கள். பல கிளப்புகளில் இதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கியிருப்பார்கள். கேட்காததால் அது அப்படியே கிடக்கும்.

உங்கள் தரம் என்ன?

முதல் பயணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடுவது ஆற்றில் மட்டுமல்ல, மலையிலும் ஆபத்துதான்.

அறிவிப்பில் "மிதமான நடை" என்று போட்டிருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தூரத்தையும் ஏற்றத்தையும் கேளுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறுபவர் 1892இல் கொடுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நடைக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், ஆக மொத்தம் 3 மணி 54 நிமிடம். ஆனால் இது நிற்காமல் நடக்கும் திடமானவருக்கான கணக்கு. புது ஆட்கள் கலந்த குழு என்றால் பாதியளவு கூட்டி 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு கிளம்ப வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

உடலைச் சோதிக்கப் படிக்கட்டே போதும். ஒரு மாடி சுமார் 3 மீட்டர். தரையிலிருந்து ஐந்தாம் மாடிக்கு 20 முறை ஏறினால் 300 மீட்டர். 5 கிலோ பையோடு இதை முடித்து, மறுநாள் சாதாரணமாக நடக்க முடிந்தால் 300, 400 மீட்டர் ஏற்றமுள்ள ஒருநாள் நடைக்குத் தயார். முடியவில்லை என்றால் நான்கு வாரம் வாரம் மூன்று முறை பழகுங்கள். ஏறுவதை விட இறங்குவதையே கவனமாகப் பழகுங்கள். மறுநாள் தொடை வலிப்பதற்கும், நடையின் கடைசி மணி நேரத்தில் கால் நடுங்கி வழுக்குவதற்கும் இறக்கமே காரணம்.

முதல் பயணத்திலேயே அகலக்கால் வைக்க வேண்டாம். உங்களால் முடியும் என்று தோன்றுவதற்கு ஒரு படி கீழான பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். மூச்சுக்குத் திண்டாடாமல் நடந்தால்தான் தலைவர் வரைபடத்தை எப்படிப் பார்க்கிறார், எங்கே நின்று ஆட்களை எண்ணுகிறார் என்பதெல்லாம் கண்ணில் படும்.

ஷூ மட்டும் சொந்தமாக வாங்குங்கள்

கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, பெரிய முதுகுப்பை எல்லாம் கிளப்பில் கடன் கிடைக்கும். முதல் வருடம் அவற்றை வாங்கவே வேண்டாம். பத்து வகைக் கூடாரத்தில் தூங்கிப் பார்த்த பிறகு நீங்கள் வாங்குவது இப்போது வாங்குவதிலிருந்து நிச்சயம் மாறும். ஹெல்மெட், ஹார்னஸ், கயிறு மூன்றையும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்கவே கூடாது. அவற்றின் கடந்த காலம் வெளியே தெரியாது.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். சரிவான பலகையில் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னே முட்டினால் அது உங்கள் ஷூ இல்லை, நகம் கறுத்து விழும். முதல் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டு வகுப்புக்குப் போய்வாருங்கள். புது ஷூவோடு நேரே மலைக்குப் போவதுதான் கொப்புளத்துக்குக் குறுக்குவழி.

குதிகால் தூக்குகிறது என்றால் கயிறு கட்டும் விதத்தை மாற்றிப் பாருங்கள். கடைசி இரண்டு கொக்கிகளுக்கு வந்ததும் கயிற்றைக் குறுக்கே போடாமல், அதே பக்கத்தில் நேரே மேலே கொண்டுபோய் ஒரு சிறு வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் இப்படி விட்டபின், வலது கயிற்றை இடது வளையத்துக்குள்ளும் இடது கயிற்றை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். கணுக்கால் வளைவில் ஒரு பூட்டுப் போட்டதுபோல் பாதம் பின்னே பதிந்து நிற்கும்.

உடையில் ஒரே விதி: குளிரும் ஈரமும் உள்ள இடத்துக்குப் பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காயவும் காயாது. ஜீன்ஸ் அதில் மோசம். செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளாடை, அதன்மேல் சூடு தரும் ஒன்று, அதற்கும் மேல் காற்றும் மழையும் தடுக்கும் ஒன்று என்று மூன்று அடுக்கு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும், காற்று வீசினால் இன்னும் குளிரும். அடிவாரத்து வெயிலை நம்பி மேலடுக்கை வண்டியில் விட்டுவிடாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் கடன் வாங்கும்போது அதன் சீட்டில் இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும். "கம்ஃபர்ட்" எண்ணைப் பாருங்கள், "லிமிட்" எண் அனுபவசாலி சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. இரவுக் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் வரும், அதனால் பாயைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். பாயின் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கதகதப்பு.

ஒருநாள் நடைக்கான பை இவ்வளவுதான்: 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், நடந்துகொண்டே தின்னக்கூடிய உணவும் ஒரு வேளைக்கு உபரியும், மழை ஜாக்கெட், ஒரு சூடான சட்டை, ஹெட்லாம்பும் மாற்று பேட்டரியும், விசில், கொப்புள டேப், சொந்த மருந்துகள், தொப்பி, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், குப்பைப் பை. பகலிலேயே திரும்பிவிடுவோம் என்று ஹெட்லாம்பை விடாதீர்கள். ஒருவர் கணுக்கால் பிசகினால் நான்கு மணி நேர வழி எட்டு மணி நேரமாகும். ஒருநாள் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பல நாள் பை ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

பயணத்துக்கு முந்தைய கூட்டம்

கட்டாயம் போங்கள். கருவி பங்கிடுவது, வண்டி ஏற்பாடு, வழி, திரும்பும் நேரம் எல்லாம் அங்கேதான் முடிவாகும். கூடாரத்தை அங்கேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள். கம்பி குறைவதும், ஜிப் சிக்குவதும், முளை எண்ணிக்கை பத்தாததும் இருட்டில் மழையில் தெரிவதைவிட இங்கே தெரிவது மேல். எரிவாயு அடுப்பை இணைத்து, இணைப்பில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. எக்காரணம் கொண்டும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள். தீ ஒருபுறம் இருக்க, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

வழி, வண்டி எண், பேர் பட்டியல், "இத்தனை மணிக்குள் தகவல் வரவில்லை என்றால் இன்னாரை அழையுங்கள்" என்ற குறிப்பு நான்கும் ஊரில் தங்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். கிளப் செய்தாலும் நீங்களும் உங்கள் அறைத்தோழருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லுங்கள். காலையில் போனை எடுக்காத ஒருவருக்காகப் பத்துப் பேர் அரைமணி நேரம் காத்திருந்தால், அந்த அரைமணி நேரம் மாலை வெளிச்சத்தில்தான் கழியும்.

முதல் நடையில்

முதல் அரைமணி நேரம் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள். முந்தவேண்டும் என்று தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். குதிகாலில் சூடு தட்டுகிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே தலைவரிடம் சொல்லி நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் எழுவதற்கு முன் உள்ள அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வாய்ப்பு. குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டு நொண்டிக்கொண்டு வருகிறவரால்தான் குழு மணிக்கணக்கில் தாமதமாகிறது. குளிர்கிறது, தலை சுற்றுகிறது, பயமாக இருக்கிறது என்பதற்கும் இதே விதி. திடீரென்று ஒருவர் பேச்சை நிறுத்தி, தடுமாறி, பட்டன் போட முடியாமல் விரல் திணறினால் உடல் வெப்பம் குறைகிறது என்று உடனே சொல்லுங்கள். அவருக்கே அது தெரியாது.

கிளைப்பாதை வந்தால் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நில்லுங்கள். ஆட்கள் தொலைவது பெரும்பாலும் கிளைப்பாதையில்தான்.

கிளம்பும் முன் தலைவர் ஒரு திரும்பும் நேரம் சொல்வார், மதியம் 1 மணி என்பதுபோல. சிகரம் இருபது நிமிடத்தில் இருந்தாலும் 1 மணிக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தைத் தெளிந்த மனத்தோடு அடிவாரத்தில் முடிவு செய்தார்கள். மேலே களைப்பிலும் ஆசையிலும் எடுக்கும் முடிவுக்கு அந்தத் தெளிவு இருக்காது. புது ஆளாக நீங்கள் அங்கே செய்யக்கூடிய பெரிய உதவி, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று கெஞ்சாமல் இருப்பது.

ஓடை நீரைக் குடிக்கும் முன் நன்கு கொதிக்கும் நிலையில் 1 நிமிடம் வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் சுமார் 60 மீட்டர், அதாவது எழுபது எட்டுகள் தள்ளிப்போய், 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடுங்கள். தாளைப் பையில் போட்டு எடுத்துவந்துவிடுங்கள். வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருந்து, நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று விசில் கேட்டாலும், ஆட்கள் உங்களைக் காணும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.

பாறையும் தண்ணீரும்

பாறையேற்றத்தில், கீழே நின்று கயிறு பிடிக்கும் பிலே தேர்வில் தேறும்வரை யாரையும் பிடிக்க அனுமதி கிடைக்காது. இதை அவமானமாக எண்ண வேண்டாம். ஏறும் முன் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டுச் சோதிப்பதை முதல் நாளே பழக்கமாக்குங்கள். ஹார்னஸ் பக்கிள் முழுக்க இறுகியிருக்கிறதா. எட்டு (8) வடிவ முடிச்சு ஹார்னஸின் மேல், கீழ் இரண்டு வளையத்துக்குள்ளும் போயிருக்கிறதா, ஐந்து இடத்திலும் இரட்டைக் கோடாகத் தெரிகிறதா, குறைந்தது 10 செ.மீ. வால் இருக்கிறதா. பிலே கருவியில் கயிறு சரியான பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறதா, காராபினர் என்ற உலோகக் கொக்கி பூட்டியிருக்கிறதா, அழுத்தினாலும் திறக்காமல் இருக்கிறதா. கயிற்றின் மறுமுனையில் முடிச்சு இருக்கிறதா. கடைசி முடிச்சைத்தான் பலர் விடுகிறார்கள். கயிறு நீளம் பத்தாமல், இறக்கும்போது முனை கருவி வழியே நழுவி ஆள் விழுவது மீண்டும் மீண்டும் நடக்கும் விபத்து. இருபது வருட அனுபவசாலியும் பேச்சு சுவாரசியத்தில் முடிச்சைப் பாதியில் விட்டுவிடக்கூடும், ஆகவே அவரையும் சோதியுங்கள்.

கயாக்குக்கு நீச்சல் தேர்வு இருக்கும். தேறினாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது. போட்டபின் இன்னொருவரை ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறிவந்தால் தளர்வாக இருக்கிறது, பக்கப் பட்டைகளை இறுக்குங்கள். வேக நீரில் விழுந்தால் கால் ஊன்றி நிற்க முயலாதீர்கள். பாதம் பாறையிடுக்கில் மாட்டினால் நீர் உங்களைக் கவிழ்த்துவிடும். மல்லாந்து, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியும்படி, கால் முன்னே போக மிதந்து கரை ஒதுங்குங்கள்.

திரும்பிய பிறகு

அலுப்பில் கூடாரத்தைப் பையோடு மூலையில் போடத் தோன்றும். அன்றே விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு கிடந்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், நீர் தடுக்கும் பூச்சு ஒட்டிப் பிசுபிசுக்கும். ஸ்லீப்பிங் பேக்கை இறுக்கமான பையில் திணிக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். எதையாவது உடைத்திருந்தால், ஹெல்மெட்டைக் கல்லில் தவறவிட்டிருந்தால், டெபாசிட் போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள். அடுத்தமுறை அதை மாட்டிக்கொள்ளப்போவது யாரென்று உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது பயணத்தை முதலாவதிலிருந்து மூன்று வாரத்துக்குள் போங்கள், வேறொரு தலைவரோடு. ஒரே கிளப்பில் தலைவர்கள் எப்படி மாறுபடுகிறார்கள் என்பது தெரியும். குடித்துவிட்டு வழிநடத்துவது, பயப்படுகிறவரைக் கேலி செய்வது, சோதனையை "நேரமாச்சு" என்று தவிர்ப்பது இவற்றில் எதைக் கண்டாலும் செயற்குழுவிடம் சொல்லுங்கள். அவர்களும் சிரித்துவிட்டுப் போனால் கட்டிய சந்தாவைப் பார்க்காமல் விலகுங்கள்.

மூன்றாவது பயணத்தில் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: கடைசியில் நடந்து யாரும் பின்தங்காமல் பார்ப்பது, அல்லது கருவிப் பட்டியல். தலைவராகும் வழி இப்படித்தான் தொடங்குகிறது. பிறகு முதலுதவிப் படிப்பு, துணைத் தலைவராகச் சில பயணங்கள், மதிப்பீடு. அதோடு அந்தப் பயணத்தின் பதிவை நீங்கள் எழுதுவதாகச் சொல்லுங்கள். தேதி, வழி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். கணக்குப் போட்டதைவிட எங்கே, ஏன் தாமதமானது. எந்தக் கிளைப்பாதையில் தயங்கினீர்கள். ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவா, இடுப்பளவா. எந்தக் கருவி பழுது. ஐந்தாறு வரி போதும், ஆனால் அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் காலைக்குள் ஓடையின் ஆழம் மறந்துபோகும்.